வாசகர் கேள்வி – பதில்: போர்க்கால விமானப்படையில் நம் வீட்டு ஆட்கள்

கேள்வி (திருச்சி வாசகர்): என் தாத்தா 1943-இல் ராயல் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். பர்மாவில் விமானம் ஓட்டினார் என்று அம்மா சொல்வார். வீட்டில் இருப்பது ஒரு போட்டோவும் நட்சத்திர வடிவப் பதக்கமும்தான். எங்கே தொடங்குவது?

பதில்: கடிதம் எழுதுவதற்கு முன் போட்டோவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இடது மார்புப் பைக்கு மேல் இரட்டைச் சிறகு இருந்தால் விமானி. ஒற்றைச் சிறகும் ஓரத்தில் வட்டத்துக்குள் எழுத்தும் இருந்தால் விமானத்தில் பறந்த மற்ற பணியாளர்: 'ஏ.ஜி.' என்றால் பீரங்கிக்காரர் (ஏர் கன்னர், அதாவது விமானத் துப்பாக்கியை இயக்குபவர்), 'என்' என்றால் வழிகாட்டி (நேவிகேட்டர்). மார்பில் ஒன்றுமில்லாமல் கைச்சட்டையில் இரண்டு இதழ் புரொப்பெல்லர் தைத்திருந்தால் அவர் எல்.ஏ.சி., அதாவது லீடிங் ஏர்கிராஃப்ட்மேன். மெக்கானிக், ஆயுதப் பராமரிப்பு, ஒயர்லெஸ் போன்ற தரை வேலைகளில் இருந்தவர்களில் பலர் இந்தப் பதவியில்தான் இருந்தார்கள். தாத்தா விமானம் ஓட்டினார் என்று நம்பி வளர்ந்த வீட்டில் இது கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஆனால் தேட வேண்டிய அலுவலகமே இதைப் பொறுத்து மாறும், அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. தொப்பியின் முன்புறம் வெள்ளைப் பட்டை தெரிந்தால் மட்டும் கதை வேறு. அது விமானப் பணியாளராகப் பயிற்சியில் இருந்ததற்கான அடையாளம்.

பின்னால் விமானம் நிற்கிறதா? அதன் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கிறதா பாருங்கள். ஜப்பானியர்களின் சிவப்பு வட்டத்தோடு குழப்பிக்கொண்டு சொந்த ஆட்களையே சுட்டுவிடக்கூடாது என்று இந்தப் பக்கத்துப் போர்முனையில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலும் நடுப்பகுதி வெளுத்திருப்பது தெரியும்.

பதக்கத்தில் 'பர்மா ஸ்டார்' என்றே பொறித்திருக்கும். ரிப்பன் கருநீலம், நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. இது இருப்பதாலேயே அவர் பர்மா மண்ணை மிதித்தார் என்று ஆகாது. குறிப்பிட்ட காலத்தில் வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும் கொடுத்தார்கள். பின்புறத்தில் எண் பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் சர்வீஸ் நம்பர், பாதி வேலை முடிந்தது.

ஒரு சின்னத் திருத்தம். 1943-இல் அது வெறும் இந்திய விமானப்படை. 'ராயல்' பட்டம் 1945 மார்ச்சில்தான் வந்தது, 1950 குடியரசு நாளோடு போனது. வீட்டில் கிடைக்கும் காகிதத்துக்குத் தேதி இல்லாவிட்டால் தலைப்பில் அந்தச் சொல் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே காலத்தைக் கணிக்கலாம்.

கேள்வி (சென்னை வாசகி): பெரியப்பாவின் பெயர், ஊர் எல்லாம் எழுதி அனுப்பினேன். "பதிவு கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவ்வளவுதானா?

பதில்: இல்லை. இந்தப் பதில் வருவதற்குப் பெரும்பாலும் நம் பெயர்கள்தான் காரணம். சுப்பிரமணியன் என்ற பெயரை அன்றைய எழுத்தர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்: முடிவில் 'ன்' அல்லது 'ம்', தொடக்கத்தில் 'சு' அல்லது 'சூ', நடுவில் 'பி' ஒன்றோ இரண்டோ. அப்பா பெயரின் இனிஷியலை விரித்து அதையே குடும்பப் பெயராக்கியிருப்பார்கள்; சிலருக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஊரையும் இன்றைய பெயரில் கொடுத்தால் ஆகாது. மாகாணம் மெட்ராஸ், மாவட்டம் டிரிச்சினாபொலி, டின்னவெலி, டாஞ்சூர், ராம்நாட், சவுத் ஆர்காட், சிங்கிள்புட் என்று அன்று இருந்தபடி எழுத வேண்டும். இன்றைய தேனியும் விழுப்புரமும் அந்தப் பட்டியலில் மாவட்டமாக இருக்காது.

அடுத்தது, எந்த அலுவலகத்துக்கு எழுதினீர்கள் என்பது. அதிகாரி அல்லாத விமானப்படை வீரர்களின் பதிவுகளுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படைப் பதிவு அலுவலகம். அதிகாரிகளின் கோப்பு அங்கே இருக்காது. விமானப்படைத் தலைமையகத்தின் அதிகாரிகள் பிரிவைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது முறை தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. "என் பெரியப்பாவைப் பற்றிய முழு விவரம்" என்று கேட்டால் கை விரிப்பார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: சேர்க்கைப் படிவத்தின் நகல், பணியாற்றிய பிரிவுகளும் தேதிகளும் உள்ள பக்கத்தின் நகல், விடுவிப்புச் சான்றின் நகல். பெயரின் நான்கைந்து ஆங்கில வடிவங்களையும், பிறந்த ஆண்டையும், அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தனிநபர் தகவல் என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்து பிரிவு 8(3)-ஐச் சுட்டுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளுக்கு அந்த விலக்கு செல்லாது. விண்ணப்பிப்பவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்ட அண்ணன் பெயரில் போட வேண்டாம். இங்கே இருக்கும் தங்கை போடட்டும்.

கேள்வி (லண்டன் வாசகர்): என் மனைவியின் தாத்தா ஆங்கிலேயர். 240-ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவு) காடலினா விமானத்தில் பீரங்கிக்காரராக, சென்னைக்குப் பக்கத்தில் 'ரெட்ஹில்ஸ் லேக்' என்ற இடத்தில் இருந்தாராம். தினமும் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். அந்த ரெட்ஹில்ஸ் லேக் நம் புழல் ஏரிதான். காடலினா தண்ணீரில் இறங்கும் விமானம் என்பதால் ஏரியே ஓடுதளம்.

உங்களுக்கு வேண்டியது ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேடு. லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏ.ஐ.ஆர். 27' வரிசை, இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் இரண்டு படிவங்கள். 540 என்பது நாள்வாரிச் சுருக்கம்: மழை, யார் வந்தார், யார் மாற்றலானார். 541-இல்தான் சரக்கு இருக்கிறது: விமான எண், பணியாளர் பெயர்கள், என்ன பணி, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், குறிப்பு. காடலினா ரோந்து பத்து மணி நேரத்தைத் தாண்டிப் போகும். கிளம்பியது ஒரு தேதி, இறங்கியது மறுநாள் என்று இருக்கும். ஒரே தேதியில் தேடினால் பாதி பறத்தல்கள் தவறிப்போகும். 'டி.என்.சி.ஓ.' என்று குறித்திருந்தால் போன பணி முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் வானிலை, இல்லையென்றால் இன்ஜின்.

சில மாதங்களில் எழுத்தர் தலைமை விமானியின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார். அப்போது தாத்தா வழக்கமாக யாருடன் பறந்தார் என்பதை முந்தைய மாதங்களில் கண்டுபிடித்து அந்த விமானியைப் பின்தொடருங்கள். இதை ஊகம் என்றே குறித்து வையுங்கள். வீட்டில் அவருடைய லாக் புக் (ஒவ்வொரு பறத்தலையும் எழுதிவைக்கும் குறிப்பேடு) இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பீரங்கிக்காரர்களுக்கான லாக் புக் 1767-ஆம் படிவம், விமானிகளுடையது 414. சிவப்பு மையில் எழுதியவை இரவுப் பறத்தல்கள்.

தரைப்பணியாளராக இருந்திருந்தால் பதிவேட்டில் பெயர் அநேகமாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அவருடைய தனிப்பட்ட பணிப்பதிவு வேறு விஷயம். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து 2022 முதல் பதிவுகள் கியூவுக்கு மாறிவருகின்றன. அவருடையது இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கியூவுக்குப் போனவற்றில், பிறந்து 115 ஆண்டு ஆகாதவர் என்றால் இறப்புச் சான்று கேட்பார்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): "முழு சர்வீஸ் ரெக்கார்டும் எடுத்துத் தருகிறோம்" என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன 10 ரூபாயில் தொடங்குங்கள்.

கேள்வி (கொழும்பு வாசகி): அம்மம்மாவின் அண்ணா இலங்கையிலிருந்து போய் ஆர்.ஏ.எஃப்.-இல் (பிரிட்டிஷ் விமானப்படை) சேர்ந்தவர். 1944-இல் ஜெர்மனி மேல் குண்டுவீச்சுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லையாம். விமானம் எங்கே விழுந்தது என்றாவது அறிய முடியுமா?

பதில்: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடுங்கள், இலவசம். கல்லறை இல்லாதவர் என்றால் விண்ட்சருக்கு அருகே ரன்னிமீட் நினைவகத்தில் பெயர் இருக்கும். 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் ஆண்டு, பதவி வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. (இதே நிலை ஆசியப் போர்முனையில் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகம்.)

விழுந்த இடத்தை அவர் பெயர் காட்டாது, கூட இருந்தவர்கள் காட்டுவார்கள். ஏ.ஐ.ஆர். 27-இல் அவருடைய ஸ்குவாட்ரனின் அந்த இரவுக்கான 541-ஆம் படிவத்தை எடுங்கள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் என்றால் வழக்கமாக ஏழு பேர். மற்ற ஆறு பேரையும் கல்லறை ஆணையத் தளத்தில் ஒவ்வொருவராகத் தேடுங்கள். ஒருவருக்காவது கல்லறை இருந்தால் நல்ல தடயம். ஆனால் ஜெர்மனியின் ரைக்ஸ்வால்ட் காட்டுக் கல்லறை என்று வந்தால் அங்கேதான் விழுந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். போருக்குப் பின் பல ஊர்களில் புதைத்திருந்த உடல்களைத் தோண்டியெடுத்து அங்கே கொண்டுவந்தார்கள். அதே பக்கத்தில் ஸ்கேன் செய்த இடமாற்றப் படிவம் இருந்தால் திறந்து பாருங்கள்; முதலில் புதைத்த ஊர் அதில் இருக்கும். கியூவில் 'ஏ.ஐ.ஆர். 81' என்ற உயிரிழப்புக் கோப்புகளையும் பாருங்கள். தொகுதி தொகுதியாகத் திறந்து வருகிறார்கள். அண்ணாவின் பெயரில் ஒன்றும் வராவிட்டால் விமானியின் பெயரில் தேடுங்கள். ஒரு விமானத்துக்கு ஒரே கோப்புதான்.