கேள்வி பதில்: ஒரு பேக்கேஜுக்கு இத்தனை சார்புகள் (அதற்குத் தேவைப்படும் மற்ற மென்பொருள்கள்) எதற்கு?

கேள்வி: என் சி நிரலை எல்டிடி-யில் (நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் கருவி) பார்த்தால் முப்பது லைப்ரரி வருகிறது. நான் அழைப்பது இரண்டைத்தான். மீதியை எப்படிக் கழிப்பது?

பதில்: எல்டிடி-யை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் லைப்ரரிகள் இழுத்து வருவதையும் அது சேர்த்தே காட்டும். பைனரி நேரடியாகக் கேட்பவை, அதன் உள்ளடக்கத்தைப் படித்துச் சொல்லும் ரீட்எல்ஃப் கருவி காட்டும் 'நீடட்' வரிகளில் இருக்கும். அங்கேயும் நீங்கள் அழைக்காதது இருந்தால், பெரும்பாலும் யாரோ, எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கோப்பில் 'ரிக்வயர்ஸ்.பிரைவேட்' என்று போட வேண்டியதை 'ரிக்வயர்ஸ்' என்று போட்டிருப்பார்கள். பயன்படாதவற்றைக் கழிக்க, லைப்ரரிகளை நிரலோடு இணைக்கும் லிங்கருக்கு 'ஆஸ்-நீடட்' கொடுங்கள். லைப்ரரி பெயர்களுக்கு முன்னால் கொடுத்தால்தான் பலிக்கும். ஒன்று கவனம்: ஏற்றப்பட்டவுடன் தன்னைத்தானே பதிவு செய்துகொள்ளும் லைப்ரரிகளை நிரல் பெயர் சொல்லி அழைக்காது. லிங்கர் அவற்றையும் கழித்துவிடும். பில்ட் தேறிவிடும், ஓட்டும்போதுதான் உதைக்கும்.

கேள்வி: டெபியனில் ஒரு சின்னக் கருவி நிறுவினால் கூடவே ஒரு பட்டாளம் வருகிறதே?

பதில்: அவை 'ரெகமண்ட்ஸ்', அதாவது கட்டாயமில்லாத பரிந்துரைகள். 'நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ்' போட்டால் வராது. எது போனது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஏதோ வேலை செய்யவில்லை என்று பக் எழுத வேண்டாம்.

கேள்வி: லெஃப்ட்-பேட் கதைக்குப் பிறகு எல்லாவற்றையும் நாமே எழுதுவது நல்லதில்லையா?

பதில்: லெஃப்ட்-பேட் என்பது சரத்தின் இடப்பக்கத்தை நிரப்பும் குட்டி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ். 2016 மார்ச்சில் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து அது நீக்கப்பட்டபோது எத்தனையோ பில்டுகள் படுத்தன. இருந்ததே 11 வரி. அந்த அளவு வேலையைத் தாராளமாக நீங்களே எழுதலாம். இன்று அந்த வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. குறியாக்கம் (கிரிப்டோ), நேர மண்டலம், யூனிகோடு பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கோடும் சார்புதான், பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைக்கும் எக்ஸ்இசட் சுருக்க லைப்ரரிக்கும் என்ன உறவு? எக்ஸ்இசட்டில் 2024-இல் வெளிப்பட்ட பின்கதவு எஸ்எஸ்ஹெச்சுக்குள் எப்படிப் போனது?

பதில்: நல்ல கேள்வி. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் மூலக் கோடில் அந்த உறவே இல்லை. 'நான் தயார்' என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி-க்குச் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை ஒரு பேட்ச் போட்டு அதன் லைப்ரரியான லிப்சிஸ்டம்டி-யை இணைத்திருந்தன. சுருக்கிய பதிவேடுகளை (லாக்) படிக்க லிப்சிஸ்டம்டி-க்கு எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்எல்இசட்எம்ஏ தேவை. எஸ்எஸ்ஹெச் அந்தப் பதிவேடுகளைப் படிப்பதே இல்லை, ஆனாலும் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளிந்திருந்த கோடு அந்த வழியாக அதற்குள் ஏறியது. இத்தனைக்கும் அந்த அறிவிப்பு என்பது சூழல் மாறி காட்டும் சாக்கெட்டில் 'ரெடி=1' என்று எழுதுவது மட்டுமே. சில பத்து வரிகள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8-இல் அதை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

இன்னொருவர்: சிஸ்டம்டி இப்போது சுருக்க லைப்ரரிகளை டிஎல்ஓப்பன் (ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் அழைப்பு) மூலம்தான் ஏற்றுகிறது. பிரச்சினை தீர்ந்ததே?

பதில்: பாதி. தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவதால் எஸ்எஸ்ஹெச் போன்றவற்றுக்குள் அது போகாது. அது உண்மையான லாபம். ஆனால் 'நீடட்' வரி போய்விடுவதால், பேக்கேஜ் சார்புகளைத் தானாகக் கணக்கிடும் கருவிகளுக்கு அது தெரியாது.

அதே நபர்: அதற்குத்தான் எல்ஃப் குறிப்பில் (பைனரி கோப்புக்குள்ளேயே இருக்கும் குறிப்பு) எழுதி வைக்கிறார்களே.

பதில்: எழுதி வைக்கிறார்கள், வரவேற்கிறேன். அந்தக் குறிப்பைப் படிக்கும் கருவி பேக்கேஜ் செய்பவரிடம் இருக்க வேண்டும். மற்ற புராஜெக்டுகள் டிஎல்ஓப்பனை மட்டும் காப்பியடித்துக் குறிப்பை விட்டுவிடும், அதுதான் என் பயம்.

அதே நபர்: அப்படிப் பார்த்தால் ப்ளகின்களே கூடாதா?

பதில்: ப்ளகினைத் தனி பேக்கேஜாகப் பிரிக்கலாம், அதன் சார்பை அதன் மேலேயே எழுதலாம். மறைவாக ஏற்றுவதை அப்படிப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்றல்ல. அடுத்தவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்டாட்டிக் லிங்க் செய்தால், அதாவது லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால், சார்பே இல்லையல்லவா?

பதில்: இருக்கிறது, கண்ணில் படாது.

கேள்வி: எல்டிடி நாற்பது லைப்ரரி காட்டுகிறது...

பதில்: முதல் பதில். தெரியாத இடத்திலிருந்து வந்த பைனரி மேல் எல்டிடி-யை ஓட்டவும் வேண்டாம், அந்த நிரலையே அது இயக்கிவிட வாய்ப்புண்டு.

கேள்வி: ரஸ்ட் மொழியில் சார்புகளைக் குறைப்பது எப்படி?

பதில்: சார்புகளைக் காட்டும் 'கார்கோ ட்ரீ' பாருங்கள், 'டிஃபால்ட்-ஃபீச்சர்ஸ்' மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்கிப் பாருங்கள். மேற்கொண்டு ரஸ்ட்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு சார்பை விருப்பத்தேர்வாக்கப் பேட்ச் அனுப்பினேன். மூல ஆசிரியர் மறுக்கிறார்.

பதில்: அவர் பயம் நியாயமானது: விருப்பத்தேர்வு கூடக்கூட, சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் இரட்டிப்பாகும். அந்தச் சார்பு இல்லாமலும் பில்ட் ஆகிறதா என்று தானாகச் சோதிக்கும் சிஐ வேலையையும் அதே பேட்ச்சில் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.