பதில்: அம்மா இருக்குற சீனியர் கம்யூனிட்டியோட போர்டு யாருன்னே தெரியல (கலிஃபோர்னியா)

உங்க அம்மா இருக்குற இடத்தோட போர்டுல (நிர்வாகக் குழு) யார் யாருன்னு ஆஃபீஸ்ல சொல்லலன்னா விடுங்க, அது லாப நோக்கில்லாத அமைப்புன்னா ஐஆர்எஸ்க்கு (அமெரிக்க வரித்துறை) வருஷா வருஷம் போடுற கணக்கு ஃபார்ம் 990 எடுங்க. பார்ட் 7ல டைரக்டர் ஒவ்வொருத்தர் பேரு, வாரத்துக்கு எத்தன மணி நேரம், எவ்ளோ பணம் வாங்குறாங்கன்னு இருக்கும். போர்டு ஆளுங்களுக்கு நேரா பெரும்பாலும் சைபர் தான், சிஇஓ வரியப் பாத்தா தான் கண்ணு விரியும்.

நீங்க தேடி கிடைக்கலன்னு சொன்னீங்கல்ல, அனேகமா அம்மா இருக்குற கேம்பஸ் பேர போட்டுத் தேடிருப்பீங்க. பல இடத்துல போர்டு உக்காந்திருக்கறது மேல இருக்குற தாய் நிறுவனத்துல, அதோட சட்டப் பேரு வேற மாதிரி இருக்கும். அம்மாவோட காண்ட்ராக்ட் முதல் பக்கத்துல யாரு கையெழுத்துப் பார்ட்டின்னு பாருங்க, அந்தப் பேர ஐஆர்எஸ் சைட்டுல போடுங்க. கிடைச்சா அதோட ‘ஷெட்யூல் எல்’ (Schedule L) இணைப்பும் இருக்கான்னு பாத்துடுங்க, போர்டு மெம்பரோட சொந்தக் கம்பெனிக்கு காண்ட்ராக்ட் குடுத்திருந்தா அங்க தான் வரும், மாச ஃபீஸ் ஏன் ஏறுதுன்னு கேக்கறவங்க நெறய பேரு இத விட்டுடறாங்க.

இன்னொன்னு, அது லாப நோக்கில்லாத கன்டினியூயிங் கேர் இடம்னா (தனியா வாழறதுல இருந்து நர்ஸிங் கவனிப்பு வரைக்கும் ஒரே காண்ட்ராக்ட்ல பாத்துக்கற இடம்) கலிஃபோர்னியா சட்டப்படி போர்டுல ஓட்டுப் போடுற ரெசிடெண்ட் ஒருத்தராவது இருக்கணும். அம்மாகிட்ட சொல்லி ரெசிடெண்ட் கவுன்சில்ல (அங்க குடியிருக்கறவங்களோட குழு) அது யாருன்னு கேக்கச் சொல்லுங்க, டைனிங் ஹால்லயே ஆள் சிக்கிடுவாரு. வெறும் வாடகை மாதிரி இடம்னா இந்த ரூல் வராது.

ஆனா சர்ச்சோட சேந்த அமைப்பா இருந்தா 990 போடாமலே இருக்கலாம். போட்டாலும் கிடைக்கறது பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருக்கும், அதுக்குள்ள ஆளு மாறிருக்கலாம்.