‘செகண்ட்ஸ்’ ரைஃபிள் குண்டு வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில், சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறேன். எச்-1பி விசாவில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருடமாக .308 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் மான் வேட்டைக்குப் போனேன். இப்போது நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி மட்டும்தான். அதற்கு வேட்டை உரிமம் தேவையில்லை என்றார்கள், அதனால் இந்த வருடம் எடுக்கவில்லை. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பப் பழகி ஆறு மாதம் ஆகிறது. நாஸ்லர் 165 கிரெய்ன் பாலிஸ்டிக் டிப் குண்டு ‘ஃபேக்டரி செகண்ட்ஸ்’ என்று ஏறக்குறைய பாதி விலையில் வருகிறது. கறையும் கீறலும் இருக்கும் என்று போட்டிருக்கிறார்கள். சுட்டால் துப்பாக்கிக்கு ஆபத்தா? துப்பாக்கிச் சந்தையில் ஒருவர் இதைவிட மலிவாகத் தருகிறாராம், அவரிடம் வாங்கலாமா? டிசம்பரில் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் காட்ட வெறும் குண்டு ஒன்றைக் கொண்டு போகலாமா?

பதில்: குண்டின் தரத்தை மட்டும் பார்த்தால், கம்பெனி சீல் வைத்த பையைத் தாராளமாக வாங்கலாம். சந்தைக்காரரிடம் வேண்டாம். ஊருக்குக் கொண்டு போவது கூடவே கூடாது. இவற்றை எல்லாம் விட, போகிற போக்கில் உரிமத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. அது தீரும்வரை எதையும் வாங்காதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அடியில் தீயைப் பற்றவைக்கும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. நீங்கள் வாங்கப் போவது குண்டை மட்டும். குழலுக்குள் அழுத்தம் எகிறுவது எதனால் என்றால், மருந்தின் வகையும் அளவும், குண்டின் எடை, விட்டம், நீளம், அது எந்த உலோகத்தால் ஆனது, கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் உட்கார்ந்திருக்கிறது என்பதால். செப்பு உறையில் படிந்த தண்ணீர்க் கறைக்கும் மேலோட்டமான கீறலுக்கும் இதில் பங்கே இல்லை. அந்தக் கறைக்காகத் துப்பாக்கி வெடிக்காது.

கம்பெனி எதை ஒதுக்குகிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். செப்புக் கலவைத் தகட்டைக் குப்பி போல இழுத்து, ஈயத்தை உள்ளே அழுத்தி, வாயைக் குவித்து, இந்த வகைக்குப் பிளாஸ்டிக் நுனியும் பொருத்துகிறார்கள். கழுவிய ஈரம் நின்றால் கறை. அச்சு மாற்றும்போது முதலில் விழுபவற்றில் கோடு. நுனியின் நிறம் தப்பிப்போனாலும் ஒதுக்குவார்கள். பளபளவென்று இல்லாத எதையும் முழு விலைப் பெட்டியில் போட முடியாது, அவ்வளவுதான். திருப்பூர் காதர்பேட்டையில் ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ பனியன் வாங்கியிருப்பீர்கள். ஒரு தையல் கோணியதால் ஒதுக்கிய பனியன், துணி என்னவோ அதே துணி.

ஒரு குறை இருக்கும் குண்டை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்: குண்டின் அடிப்பக்கம் நசுங்கியிருப்பது. புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் நுனியைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். நுனியில் லேசான பள்ளம் இருந்தால் 150 கஜத்தில் மானைச் சுடும்போது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அடி சாய்ந்திருந்தால் குழலை விட்டு வெளியே வரும் கணத்திலேயே வாயு ஒருபக்கம் முந்திக்கொண்டு தள்ளும், குறி சிதறும். மேசையில் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். சாய்ந்து நின்றால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இனி அந்தச் சந்தைக்காரர். இவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பொறுமை போய்விடும். இருபது வருடமாகத் தோட்டா நிரப்பக் கற்றுக்கொடுக்கிறேன். மாணவர் ஒருவர் ஜிப்-லாக் பை ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே மார்க்கர் பேனாவில் ‘.30 செகண்ட்ஸ், 165’ என்று எழுதியிருந்தது. தராசில் போட்டுப் பார்த்தோம். 165 இருந்தது, 150 இருந்தது, 180-ம் இருந்தது. நாலு குண்டின் விட்டம் 0.308 அங்குலம் இல்லை, 0.311. அது 7.62×39 துப்பாக்கிக்கான குண்டு. விற்பவன் வாயில் இரண்டுமே ‘முப்பது’தான். அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு என்றால் நம் கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆனால் 0.308-க்கு வெட்டிய குழலில் அதைத் திணித்து அனுப்பினால் அழுத்தம் ஏறும். 165-க்கான மருந்தைப் போட்டு மேலே 180-ஐ வைத்தாலும் அப்படித்தான். அந்த மாணவர் முப்பது தோட்டா நிரப்பி முடித்துவிட்டு, மிச்சத்தைத்தான் என்னிடம் கொண்டுவந்திருந்தார். முப்பதையும் பிரித்தோம், ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிற்று.

இந்த இடைத்தரகர்கள் கம்பெனியில் மொத்தமாக எடுப்பார்கள், சிறு பைகளாகப் பிரிப்பார்கள், குறைந்தால் கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்புவார்கள். இன்னும் மோசமானது, பழைய ராணுவத் தோட்டாக்களிலிருந்து பிடுங்கிய குண்டையும் ‘செகண்ட்ஸ்’ என்ற பெயரிலேயே தள்ளிவிடுவது. பிடுங்கிய குண்டின் உடலில் இடுக்கி பிடித்த வளையத் தடம் இருக்கும், கழுத்தில் கருப்புத் தார் போல ஒட்டியிருக்கும். அதில் பெரும்பாலும் முழு உறை குண்டு. மிருகத்துக்குள் விரியாது, ஊசி போலப் பாய்ந்து மறுபக்கம் போய்விடும். பன்றி காயத்தோடு ஓடிப் புதருக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். வேட்டைக்காரன் செய்யக்கூடாத காரியம் அது. நுனியில் பெயின்ட் அடித்த குண்டு கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் முப்பது காலிபரில் (காலிபர் என்றால் குழலின் விட்ட அளவு) கருப்பு நுனி கவசம் துளைப்பது, சிவப்பும் ஆரஞ்சும் எரிந்துகொண்டே போகும் டிரேசர். டெக்சாஸ் காய்ந்த புல்லில் டிரேசர் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் கேள்வியை நான் மாற்றிக் கேட்பேன்: இந்தக் குண்டு எது என்று எழுத்தில் இருக்கிறதா? உற்பத்தியாளர் பெயர், வகை, எடை, விட்டம் நான்கும் அச்சடித்த சீட்டில் இருந்தால் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம், எத்தனை மலிவாக இருந்தாலும் சரி. பாலிஸ்டிக் டிப்பில் நாஸ்லர் காலிபருக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறது: முப்பதுக்குப் பச்சை, 7 மி.மீ.க்குச் சிவப்பு, .270-க்கு மஞ்சள். அதை நம்பியும் பிரிக்காதீர்கள். நிறம் தப்பியதால்தான் சில குண்டு செகண்ட்ஸுக்கே வந்திருக்கும். அதே கம்பெனியின் ஈயமில்லாத இ-டிப் குண்டுக்கும் நுனி ஒருவகைப் பச்சைதான். ஈயம் இல்லாத குண்டு, எடை ஒன்றாக இருந்தாலும் நீளம் அதிகம். ஈயக் குண்டுக்கான மருந்து அளவை அதற்குப் போட்டால் தப்பு.

சீல் வைத்த பையானாலும் வந்ததும் ஒரு மாலை ஒதுக்குங்கள். காலிப்பர் என்ற அளவுகருவியால் விட்டத்தைப் பாருங்கள், தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள். கிரெய்ன் என்பது கிராம் இல்லை. 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு, 165 கிரெய்ன் என்றால் 10.7 கிராம். அரை கிரெய்ன் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று கிரெய்ன் தள்ளி நிற்பவற்றைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள், அவற்றைச் சுட வேண்டாம். அப்புறம், ஏற்கெனவே முழு விலைக் குண்டுக்குக் கண்டுபிடித்து வைத்திருக்கும் மருந்து அளவை அப்படியே இதற்குப் போடாதீர்கள். கம்பெனியின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள். .308 வின்செஸ்டருக்கு அனுமதித்த உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. மிச்சம் பிடித்த இருபது டாலருக்காக அந்த எல்லையோடு விளையாட வேண்டாம்.

கம்பெனிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பையில் ‘கறை’ என்றோ ‘நுனிக் குறை’ என்றோ ஒரு வார்த்தை அச்சடிக்க என்ன செலவு? ‘பிளெம்’, அதாவது குறையுள்ளது, என்று மட்டும் போடுகிறார்கள். இந்தப் பைகளைப் பெரும்பாலும் திருப்பி எடுப்பதும் இல்லை. அந்த மௌனத்தில்தான் மேலே சொன்ன ஆட்கள் பிழைக்கிறார்கள்.

சரி, உரிமம். இதைக் கவனமாகப் படியுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது, அம்யூனிஷனும் வைத்திருக்கக் கூடாது. எச்-1பி அந்த வகைதான். அம்யூனிஷன் என்ற சொல்லுக்குள் முழுத் தோட்டா மட்டும் இல்லை. கூடு, ப்ரைமர், மருந்து, வெறும் குண்டு எல்லாம் தனித்தனியாகவே அடங்கும். நீங்கள் வாங்கப் போகும் கறைபடிந்த குண்டும் சட்டத்தின் கண்ணில் அம்யூனிஷன். உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றும் விதிவிலக்குகளில் நடைமுறையில் கைகொடுப்பது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். முதல் இரண்டு வருடம் உங்களிடம் அது இருந்தது. இப்போது இல்லை.

டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மாநிலச் சட்டம், இங்கே பிறந்தவருக்கும் கிரீன் கார்டு உள்ளவருக்கும் அது போதும். உங்களுக்குப் போதாது. பன்றியைச் சுட உரிமம் வேண்டாம், ஆனால் துப்பாக்கியை அலமாரியில் வைத்திருக்கவே உங்களுக்கு அது வேண்டும். வேட்டைக்குப் போகாத மாதத்திலும் வேண்டும். மீன்பிடி உரிமம் கணக்கில் வராது. டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும், நீங்கள் டிசம்பரில் வாங்கினாலும் முடிவு அதே ஆகஸ்ட் 31. இந்தத் தடையை மீறியதற்கான தண்டனை 2022-ல் 15 ஆண்டு வரை உயர்த்தப்பட்டது. வழக்கே வராமல் போனாலும், நாளை கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இது எங்கே வந்து இடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனைவி எச்-4-ல் (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் அவருக்கும் இதே கதைதான். துப்பாக்கிப் பெட்டியின் சாவி அவர் கையிலும் இருக்கிறது என்றால் அவருக்கும் தனி உரிமம் எடுங்கள்.

ரைஃபிள் வாங்கும்போது படிவத்தில் விசா பற்றிய இந்தக் கேள்வி வரும். குண்டு வாங்கும்போது படிவமே இல்லை. கிரெடிட் கார்டு எண்ணைப் போட்டால் வீட்டு வாசலில் பெட்டி இறங்கிவிடும். வெறும் குண்டையும் அம்யூனிஷன் என்று எழுதி வைத்தவர்கள், அதை வாங்குபவனுக்கு ஒரு வரி எச்சரிக்கை போட வைக்கவில்லை. எத்தனையோ நம் பிள்ளைகள் இது தெரியாமலேயே மாட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்கள். நான் வகுப்பின் முதல் நாளிலேயே விசா கேட்பது இதனால்தான். சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

ஆகவே இன்றே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். உரிமம் இல்லாமல் கழிந்த மாதங்களைப் பற்றி அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை செகண்ட்ஸ் பையும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம்.

கடைசியாக அப்பாவுக்கு. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாவாகவே எண்ணப்படுகின்றன. மருந்து இல்லாத குண்டுதானே என்ற வாதம் சென்னை விமான நிலையத்தில் எடுபடாது. போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். சுடும் மைதானத்துக்கு எடுத்துப்போன பையையும் ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். மடிப்பில் மறந்து கிடக்கும் ஒரு குண்டைப் பெரும்பாலும் நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள், எக்ஸ்ரே இயந்திரம் கண்டுபிடித்துவிடும்.