இலவச ஊசிக்குக் கையை நீட்டும் முன்

கேள்வி: 67 வயது அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்குத் தனியார் கிளினிக்கில் ‘ஸ்டெம் செல் - எக்ஸோசோம்’ ஊசி போட்டோம். 3,80,000 ரூபாய். 19 மாதமாகியும் மாடி ஏற முடியவில்லை. டாக்டர் போனை எடுப்பதில்லை, ரிசப்ஷனில் அவமானப்படுத்தினார்கள். இப்போது இலவசமாக இன்னொரு ஊசி போடுகிறேன் என்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: ரிசப்ஷன் அவமானத்தை விட்டுவிடுங்கள். வலி குறையாததை வைத்தும் வழக்கு நிற்காது. “தேய்மானம் முற்றிய நிலை” என்று ஓர் எலும்பு மருத்துவரிடம் அஃபிடவிட் வாங்கிப் போட்டு முடித்துவிடுவார்கள்.

சிரிஞ்சுக்குள் என்ன இருந்தது? வழக்கே இதில்தான் இருக்கிறது. ஸ்டெம் செல்லில், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல்லில் தயாரிக்கும் மருந்து, மத்திய அரசின் 2019 மருந்து விதிகளின்படி ‘புதிய மருந்து’, அனுமதி வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு எலும்பு மஜ்ஜை செல் மருந்து ஒன்றுக்கு 2022இல் அனுமதி கிடைத்திருக்கிறது. போட்டது அதுதான் என்றால் உங்கள் கை தாழ்ந்துவிடும். செல்கள் வெளியே விடும் நுண்பைகளான எக்ஸோசோமுக்கு அப்படி அனுமதி இல்லை. ஆய்வுக்காகப் போட்டோம் என்பார்களானால், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி நோயாளியிடம் காசு வாங்கியிருக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய பில்லில் ‘ரீஜெனரேட்டிவ் பேக்கேஜ்’ என்று ஒரே வரி. மருந்தின் பெயரோ பேட்ச் எண்ணோ இல்லை. சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும்.

போலீஸ் வேண்டாம். மருத்துவர்கள் மீதான கிரிமினல் புகார் பற்றி உச்ச நீதிமன்றம் 2005இல் தந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு வேறொரு மருத்துவரின் கருத்து வரும்வரை ஃபைல் நகராது.

நான் பயப்படுவது அந்த இலவச ஊசிக்குத்தான். என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் போனார். ஊசிக்கு முன் புது ஒப்புதல் படிவம் நீட்டினார்கள். நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில்: “முதல் சிகிச்சை சோதனை நிலையிலானது என்று அப்போதே விளக்கினார்கள், திருப்தி.” படிக்காமல் கையெழுத்துப் போட்டார், தேதியைக்கூட எழுதவில்லை. அப்புறம் “ஆறு மாதம் பொறுங்கள், செல் வேலை செய்ய நேரம் எடுக்கும்” என்றார்கள். பொறுத்தார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டே வருடம்தான், அது ஓடிப்போயிற்று. வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். “டாக்டரை நம்பிக் காத்திருந்தேன்” என்பது அங்கே எளிதில் எடுபடாது.

உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. ஊசியை மறுத்துவிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். மூன்று லட்சம் திருப்பித் தருகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி 80,000க்காக வருடக்கணக்கில் அலைய வேண்டாம். அதே மூட்டில் பின்னால் வேறு பாதிப்பு வந்தாலும் கேட்கமாட்டேன் என்ற வரி ரசீதில் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.