ஃப்ரெண்ட்ஸ் ஃபேன்டசி லீக்ல சீசனுக்கு முன்னாடி ப்ளேயரை எப்படி கணிக்கிறது?

நீங்க கேட்டிருக்கிறது: ஃப்ரெண்ட்ஸ் எட்டு பேர் சேர்ந்து எஃப்பிஎல்ல (இங்கிலாந்து பிரீமியர் லீக் ஃபுட்பாலை வச்சு ஆடுற ஃபேன்டசி கேம்) ஒரு மினிலீக் நடத்துறீங்க, சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி ஆளுக்கு அஞ்சு ப்ளேயர் பேரைச் சொல்லி "இந்த வருஷம் இவங்கதான்"னு எழுதி வைக்கணும், ப்ரீசீசன் மேட்ச் ஒண்ணு விடாம பார்த்தும் உங்க கணிப்பு மட்டும் வருஷா வருஷம் புஸ்ஸுனு போயிடுது, அப்போ எதைத்தான் பார்க்கணும்?

நாங்களும் ரொம்ப வருஷமா இதையே பண்றோம், அதனால நேரா சொல்லிடுறேன். ப்ரீசீசன்ல யார் கோல் அடிச்சான்னு பார்க்காதீங்க. யார் எத்தனை நிமிஷம் ஆடுறான், எந்த இடத்துல நிக்கிறான், பெனால்டியும் கார்னரும் யார் எடுக்குறான், இந்த மூணை மட்டும் பாருங்க. இது எனக்குப் புரிஞ்சது 2022ல, அந்தக் கதையை முழுசா சொன்னாதான் உங்களுக்கும் புரியும்.

எங்க கணிப்பெல்லாம் ஒரு ஷீட்ல இருக்கும். நாலு நெடுக்கு வரிசை: ப்ளேயர் பேரு, விலை, சீசன் முடியும்போது எத்தனை பாயிண்ட், கடைசியா "ஏன்". டெட்லைன் வந்ததும் ஷீட்டை லாக் பண்ணிடுவோம், அப்புறம் யாரும் கை வைக்க முடியாது. அந்த வருஷம் ரெண்டு பெரிய ஸ்ட்ரைக்கர் புதுசா வந்தாங்க, மான்செஸ்டர் சிட்டிக்கு ஹாலண்ட், லிவர்பூலுக்கு நூனியஸ். எஃப்பிஎல்ல ஹாலண்ட் விலை 11.5 (மில்லியன் கணக்கு), நூனியஸ் 9.0. ஜூலை மாசம் லைப்சிக்கோட ஒரு ஃப்ரெண்ட்லில நூனியஸ் செகண்ட் ஹாஃப்ல இறங்கி நாலு கோல் போட்டார், எங்க க்ரூப்ல அன்னைக்கு வேற பேச்சே இல்ல. அப்புறம் ஜூலை 30 கம்யூனிட்டி ஷீல்டு (சீசனுக்கு முன்னாடி ஒரே மேட்ச்ல முடியுற கோப்பை), லிவர்பூலும் சிட்டியும். நூனியஸ் சப்பா (பாதில மாத்தி இறக்குற ஆளா) வந்து ஒரு பெனால்டி வாங்கிக் கொடுத்தார், கடைசில தலையால முட்டி ஒரு கோலும் போட்டார், 3-1. இந்தப் பக்கம் ஹாலண்ட் இஞ்சுரி டைம்ல, கீப்பர் தட்டி விட்ட பந்து நேரா காலுக்கு வருது, முன்னாடி கோல் காலியா கிடக்குது, அதை எடுத்து க்ராஸ்பார்ல அடிச்சார். அந்த ஒரு ஷாட்டை நான் எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. பார்த்துட்டு அன்னைக்கு நைட்டே ஹாலண்டைத் தூக்கிட்டு நூனியஸை வச்சேன், மிச்சமான 2.5ஐ மிட்ஃபீல்டுல போட்டேன், ஷீட்ல "ஏன்"ங்கிற இடத்துல ஒரே வார்த்தை எழுதினேன், "ஃபார்ம்".

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அதே ஷீட்ல ஹாலண்டுக்கு நேரா எழுதினது இன்னும் இருக்கு: "ஜீசஸ் ஆர்சனலுக்குப் போயாச்சு, ஸ்டெர்லிங் செல்சிக்குப் போயாச்சு, பாக்ஸுக்குள்ள வேற யாரு நிப்பா, பந்து குடுக்க டி ப்ருய்ன இருக்காரு, பெனால்டியும் இவன்தான் எடுப்பான்." இதுல ஒரு இடத்துலகூட ப்ரீசீசன் கோலைப் பத்தி அவன் பேசல பாருங்க.

முதல் வாரம் ஹாலண்ட் வெஸ்ட் ஹாமோட ரெண்டு கோல், அதுல ஒண்ணு அவரே வாங்கி அவரே அடிச்ச பெனால்டி, மொத்தம் 13 பாயிண்ட். ஆனா நூனியஸும் அதே வாரம் ஃபுல்ஹாமோட சப்பா வந்து ஒரு கோல், ஒரு அசிஸ்ட், அதனால என் முடிவு சரிதான்னு இன்னும் உறுதியா நம்பினேன். ரெண்டாவது மேட்ச்ல க்ரிஸ்டல் பேலஸ் டிஃபெண்டரைத் தலையால முட்டி ரெட் கார்டு, மூணு மேட்ச் தடை. அந்த மூணுல ஒண்ணு என்னன்னு பார்த்தீங்கன்னா லிவர்பூல் போர்ன்மவுத்தை 9-0னு அடிச்ச மேட்ச். அதே நாள், ஆகஸ்ட் 27, ஹாலண்ட் பேலஸோட ஹாட்ரிக், நாலு நாள் கழிச்சு ஃபாரஸ்டோட இன்னொரு ஹாட்ரிக். சீசன் முடியும்போது ஹாலண்ட் 36 கோல், 38 மேட்ச் சீசன்ல அதுக்கு முன்னாடி யாரும் அவ்ளோ அடிச்சதில்ல, எஃப்பிஎல்ல 272 பாயிண்ட். நூனியஸ் லீக்ல 9 கோல்.

இதுல நூனியஸ் மோசமான ப்ளேயர்னு நான் சொல்ல வரல. ரெட் கார்டை யாராலயும் கணிக்க முடியாது, அதை விட்டுடலாம். ஆனா அதை விட்டுட்டுப் பார்த்தாலும் என் கணிப்பு தப்புதான், ஏன்னா அவர் நல்லா பண்ணினதா நான் எண்ணின மூணு மேட்ச்லயும் அவர் சப்பாதான் வந்தார், அது என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு, நான் கோலை மட்டும் எண்ணிட்டு இருந்தேன்.

நிமிஷத்தை ஏன் இவ்ளோ சொல்றேன்னா கணக்கு போட்டுப் பாருங்க. 60 நிமிஷம் தாண்டினா 2 பாயிண்ட், அதுக்குக் கம்மின்னா 1. 38 மேட்சும் 60 தாண்டி ஆடுற ஆளுக்கு சும்மா நின்னதுக்கே 76 பாயிண்ட், எல்லா மேட்சும் சப்பா வர்ற ஆளுக்கு 38. க்ளீன் ஷீட் (டீம் ஒரு கோலும் வாங்காத மேட்ச்) பாயிண்டுக்கும் 60 நிமிஷம் வேணும். அதனால சீசனுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்தி முதல்ல கேக்க வேண்டியது இவர் எத்தனை கோல் அடிப்பார்னு இல்ல, எத்தனை மேட்ச் ஸ்டார்ட் பண்ணுவார்னு.

இதுக்கு ப்ரீசீசன் உதவும், ஆனா எந்த மேட்ச்ங்கிறது முக்கியம். ஜூலைல டூர் போய் ஆடுற மேட்ச்ல ஹாஃப்டைம்ல பதினொரு பேரையும் மாத்துவாங்க, அதுல யாரு யாரோட ஆடினான்னு பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல. சீசனுக்கு முந்தின கடைசி ரெண்டு மேட்ச் பாருங்க, அதுல ஸ்டார்ட் பண்றவங்கதான் பெரும்பாலும் முதல் வாரமும் இறங்குவாங்க. நான் பேப்பர்ல மூணே விஷயம் குறிப்பேன், யாரை எத்தனாவது நிமிஷம் எடுத்தாங்க, கார்னர் எந்தப் பக்கம் யார், ஃப்ரீகிக் வந்தா பந்துகிட்ட யார் போய் நிக்கிறா. உலகக் கோப்பை, யூரோ நடந்த வருஷம்னா இன்னும் ஒண்ணு சேர்த்துக்கணும், யார் லேட்டா லீவுக்குப் போனான்னு. 2024ல யூரோ ஃபைனலும் கோபா ஃபைனலும் ஜூலை 14, பிரீமியர் லீக் தொடங்கினது ஆகஸ்ட் 16, நடுவுல ஒரு மாசம்தான், அதுல லீவும் போய்ட்டு ட்ரெய்னிங்கும் முடிக்கணும். அந்த மாதிரி ஆளை முதல் வாரம் கேப்டன் (பாயிண்ட் ரெட்டிப்பாகுற ஆள்) போடுறதுக்கு நான் பயப்படுவேன், ஆனா சீசன் முழுசுக்குமான கணிப்புல அதுக்காக அவரைக் குறைச்சு எழுத மாட்டேன், ரெண்டும் வேற வேற.

இதைக் குழப்பிக்கிறவங்களுக்கு அப்போ டோட்டன்ஹாம் ஸ்ட்ரைக்கரா இருந்த ஹேரி கேன்தான் நல்ல உதாரணம். 2018 ஆகஸ்ட் 18 ஃபுல்ஹாமோட அடிக்கிற வரைக்கும் பிரீமியர் லீக்ல ஆகஸ்ட் மாசத்துல அவர் ஒரு கோல்கூட அடிச்சதில்ல. ஆனா அதுக்கு முன்னாடியே ரெண்டு கோல்டன் பூட் (லீக்ல அதிக கோல் அடிச்சவருக்கான விருது) வாங்கிட்டார், 2015-16ல 25 கோல், 2016-17ல 29. ஆகஸ்டை வச்சு அவரை எடை போட்டவங்க எல்லாம் செப்டம்பர்ல ஓடிப்போய் அவரைத் திரும்ப வாங்கினாங்க.

அடுத்தது இடம். எஃப்பிஎல் ஒருத்தரை டிஃபெண்டர், மிட்ஃபீல்டர், ஃபார்வர்டுனு எதுல போட்டிருக்கு, க்ரவுண்டுல அவர் உண்மையில எங்க நிக்கிறார், இந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இருந்தா அங்கதான் பாயிண்ட் இருக்கு, ஏன்னா டிஃபெண்டர் கோலுக்கு 6, மிட்ஃபீல்டர் கோலுக்கு 5, ஃபார்வர்டு கோலுக்கு 4. 2019-20ல ஷெஃபீல்டு யுனைட்டெட் லண்ட்ஸ்ட்ரம் 4.0 விலைக்கு டிஃபெண்டர்னு லிஸ்ட்ல இருந்தார், ஆனா ஆள் மிட்ஃபீல்டர், அவங்க டீமை முன்னாடி பார்த்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பர்ன்லியோட ஒரு மேட்ச்ல ரெண்டு கோல், கூட க்ளீன் ஷீட், போனஸ் இல்லாமலே 18 பாயிண்ட், 4.0 ஆளுக்கு! எங்க லீக்ல அந்த வாரம் அவரை பெஞ்ச்ல உக்கார வச்சவன் ரெண்டு நாள் க்ரூப் பக்கமே வரல.

சாலாவும் இதே கதைதான், பெரிய அளவுல. 2017ல ரோமாலேர்ந்து வரும்போது விலை 9.0, மிட்ஃபீல்டர். செல்சில முன்னாடி எடுபடாம போனவர்னு எங்கள்ல பாதிப் பேர் சீண்டல. ஆனா லிவர்பூல்ல கோலுக்கு முன்னாடி நிக்கிற ஆள், பாயிண்ட் மட்டும் மிட்ஃபீல்டர் கணக்குல. 32 கோல், 303 பாயிண்ட். அடுத்த சீசன் விலை 13.0 ஆயிடுச்சு, பாயிண்ட் 259. அதுவும் பிரமாதமான சீசன்தான், ஆனா "போன வருஷம் 303, இந்த வருஷமும் 300 தாண்டும்"னு ஷீட்ல எழுதினவங்க எல்லாருமே தப்பு. போன வருஷப் பட்டியலைப் பார்த்து எழுதுறதுல இருக்கிற ஆபத்து இதுதான், லெஸ்டர் கப் அடிச்ச 2015-16ல மாரெஸ் 17 கோல், வார்டி 24, அடுத்த வருஷம் 6, 13. நல்ல சீசன் ஆடினவருக்கு விலையும் ஏறும், எதிர் டீமும் அவரைத் தனியா கவனிக்கும். அதனால நான் போன வருஷ நம்பரை அப்படியே எடுத்துக்க மாட்டேன், கொஞ்சம் கீழ இழுத்துதான் எழுதுவேன். (2024-25ல சாலா 344 அடிச்சு எஃப்பிஎல் ரெக்கார்டையே உடைச்சதும் உண்மைதான், ஆனா ஒரு சாலாவை வச்சு எல்லாருக்கும் கணக்கு போட முடியாது.)

பெனால்டிக்கு உதாரணம் பால்மர். 2023ல கம்யூனிட்டி ஷீல்டுல சிட்டிக்காக கோல் அடிச்சார், சூப்பர் கப்லயும் அடிச்சார், அப்பவும் எங்க ஷீட்ல ஒருத்தன்கூட அவர் பேரை எழுதல. அது சரியான முடிவுதான்னு இப்பவும் சொல்வேன், ஏன்னா சிட்டில அவருக்கு நிமிஷம் இல்ல. செப்டம்பர் 1, டிரான்ஸ்ஃபர் விண்டோ (க்ளப்புகள் ப்ளேயரை வாங்கி விக்கிற காலம்) மூடுற நாள், செல்சிக்குப் போனார், அங்க நிமிஷமும் வந்துச்சு, பெனால்டியும் வந்துச்சு. 22 லீக் கோல்ல 9 பெனால்டி, 244 பாயிண்ட், தொடக்க விலை வெறும் 5.0. அதனால நாங்க அடுத்த வருஷத்துலேர்ந்து ஒரு ரூல் கொண்டு வந்தோம், அஞ்சு பேர்ல ஒருத்தரை மட்டும் விண்டோ மூடின பிறகு மாத்திக்கலாம். உங்க லீக்லயும் இதைக் கொண்டு வாங்க, ஆகஸ்டுல எழுதினதை வச்சு செப்டம்பர் டிரான்ஸ்ஃபருக்கும் தண்டனை அனுபவிக்கிறது நியாயமே இல்ல.

டிஃபெண்டர் கணிப்பு இப்போ நிறைய மாறியிருக்கு. 2025-26லேர்ந்து க்ளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்த்து ஒரு மேட்ச்ல 10 வந்தா டிஃபெண்டருக்கு 2 பாயிண்ட், மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் ரிகவரியும் (பந்தைத் திரும்ப மீட்கிறது) சேர்த்து 12 வேணும். முன்னாடி எல்லாம் க்ளீன் ஷீட் அடிக்கிற பெரிய டீம் டிஃபெண்டரை மட்டும்தான் எழுதுவோம், இப்போ கீழ இருக்கிற டீம்ல நாள் முழுக்க பந்தை வெளிய தள்ளிட்டே இருக்கிற சென்டர்பேக்கும் கணக்குல வர்றார். ஆனா கீழ் டிவிஷன்லேர்ந்து மேல வந்த டீம் ஆளுன்னா கொஞ்சம் யோசிங்க, 2023-24லயும் 2024-25லயும் புதுசா மேல வந்த மூணு டீமும் அதே சீசன்லயே கீழ இறங்கிடுச்சு, ரெண்டு கோல் வாங்கினா மைனஸ் 1னு ஒண்ணு இருக்கே, இந்தப் பக்கம் கிடைக்கிற 2 அந்தப் பக்கம் கரைஞ்சிடும்.

கடைசியா உங்க போட்டியை எப்படி நடத்துறதுன்னு. வெறும் பேரை மட்டும் எழுதச் சொன்னா எல்லாரும் ஹாலண்டு, சாலான்னு எழுதிட்டுப் போயிடுவாங்க, அதுல என்ன இருக்கு. பாயிண்டையும் எழுதச் சொல்லுங்க, எழுதினதுக்கும் உண்மையில வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு கூட்டி, கம்மியா வித்தியாசம் வந்தவன் ஜெயிச்சான்னு வைங்க. அஞ்சு பேர்ல ரெண்டு பேராவது 6.0க்குக் கீழ இருக்கணும்னும் ஒரு கட்டுப்பாடு போடுங்க, அப்போதான் ஒவ்வொருத்தனும் உண்மையா தேடிப் பார்ப்பான்.

"ஏன்"ங்கிற வரிசையை மட்டும் விட்டுடாதீங்க. முதல் மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி டெட்லைன், நாங்க அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஃபோன் கால்ல உக்காந்து ஆளுக்கு ஆள் "ஏன்"னு எழுதினதைச் சத்தமா படிப்போம். நிமிஷம், இடம், பெனால்டி, இதுல ஒண்ணுகூட இல்லாம "செம ஃபார்ம்ல இருக்கான்"னு மட்டும் இருந்தா, ஷீட்டை லாக் பண்றதுக்குள்ள அதை அழிச்சிட்டு வேற எழுதச் சொல்வோம், போன வருஷம் அப்படி ரெண்டு பேர் கடைசி நிமிஷத்துல மாத்தி எழுதினாங்க.