குழாயில் பிரிந்ததா, குப்பியில் பிரிந்ததா?

கேள்வி: அரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டெஃப்லான் குழாயில், நீரில் கரைந்த சக்சினிக் அமிலத்தை பியூட்டனாலுக்குப் பிரித்தெடுக்கிறோம். கணினி மாதிரி சொல்வதைவிட அதிகம் பிரிகிறது. பிழை எங்கே?

பதில்: முதலில், குழாயிலிருந்து வரும் திரவத்தைச் சேகரிக்கும் குப்பியைச் சந்தேகப்படுங்கள். குழாய் முனையில் நீரும் பியூட்டனாலும் சிறுசிறு துண்டுகளாக மாறிமாறி வந்து விழுகின்றன. ஒவ்வொன்றையும் நிமிடத்துக்கு 0.1 மி.லி. செலுத்தினால் ஒரு மி.லி. நீர் சேரப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை இரண்டு அடுக்கும் தொட்டுக்கொண்டே கிடக்கும், அமிலமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 20 செ.மீ. குழாயில் திரவம் இருந்ததோ வெறும் 12 வினாடி!

முனையிலேயே பிரித்துவிடுங்கள். ஒய் இணைப்பின் ஒரு கிளையில் எஃகு ஊசி, மறு கிளையில் டெஃப்லான் குழாய். நீர் எஃகிலும் பியூட்டனால் டெஃப்லானிலும் ஒட்டிப் போகும். நீர்க் கிளையில் பியூட்டனால் துளி தெரிந்தால் அந்த முனையைச் சற்று உயர்த்துங்கள்.

பிறகு ஓட்டத்தை மாற்றாமல் 20, 40, 60, 80 செ.மீ. குழாய்களில் சோதியுங்கள். நீரில் எஞ்சிய அமிலத்திலிருந்து சமநிலை அளவை (எவ்வளவு நேரம் விட்டாலும் நீரில் எஞ்சும் அளவை) கழித்து, தொடக்கத்தில் இருந்த அதே வித்தியாசத்தால் வகுத்து, மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிரே வரையுங்கள். கோட்டின் சாய்வுதான் மாதிரிக்கு வேண்டிய எண். கோடு சுழியில் தொடங்காவிட்டால், அந்த இடைவெளி, நீரும் பியூட்டனாலும் முதலில் சந்திக்கும் டி இணைப்பிலும் முனையிலும் பிரிந்த பங்கு. ஒரே குழாயில் வேகத்தை மாற்றி நேரத்தை மாற்றுவது சரிப்படாது. வேகம் மாறினால் துண்டுகளின் நீளமும் உள்சுழற்சியும் மாறி, சாய்வே வேறாகிவிடும்.

இதற்குப் பிறகும் மாதிரி குறைத்தே சொன்னால், அதில் விரவல் (மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது) மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 250 மைக்ரான் ஆரத்தைக் கடக்க விரவலுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் பிடிக்கும். நீர்த்துண்டிலோ திரவம் நடுவில் முன்னோடி, சுவரோரம் பின்வாங்கிச் சுழல்கிறது. துளி சாயம் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால் இரட்டைச் சுழல் தெரியும்.

இன்னும் இரண்டு. நீர் சுமார் 7 சதவீதம் பியூட்டனாலையும், பியூட்டனால் சுமார் 20 சதவீதம் நீரையும் கரைத்துக்கொள்ளும். அமிலம் சேர்க்கும் முன் இரண்டையும் குலுக்கி, ஓரிரவு வைத்துப் பிரித்தெடுங்கள். இல்லையேல் ஓட்டத்திலேயே கனஅளவு மாறும். அமிலத்தின் அளவைக் காரம் சேர்த்துக் கண்டறியும் தரம்பார்த்தலில், சக்சினிக் அமிலத்தின் ஒரு மோலுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டு மோல். இதை மறந்தால் செறிவு இருமடங்காகத் தெரியும்.

கேள்வி: துண்டுகள் ஒரே நீளமாக வருவதில்லையே?

பதில்: திரவத்தைச் செலுத்தும் பம்பின் சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருக்கிறதா பாருங்கள். பெரிய சிரிஞ்சானால் பம்ப் மோட்டாரின் ஒவ்வோர் அடியும் ஓட்டத்தில் துடிப்பாகத் தெரியும், 5 மி.லி. கண்ணாடி சிரிஞ்சுக்கு மாறுங்கள்.