குளத்து மீனும் கடன் கொப்பியும்

கடிதம்:
எங்கள் பக்கத்துக் குளத்தில் வருடந்தோறும் மீன்குஞ்சு விடுகிறார்கள். சந்தைக்கு வருவதோ கையளவு மீன். குஞ்சையும் வாரும் சின்னக்கண் (சிறு துளை) வலைகளைப் பிடித்து எரித்தால் சரிவராதா?
— ஒரு வாசகர், மல்லாவி

பதில்:
வணக்கம். எரிக்கலாம். அடுத்த கிழமையே புது வலை வந்துவிடும். பல இடங்களில் வலைக்கும் தோணிக்கும் முற்பணம் கொடுப்பவர் மீன் எடுக்கும் முதலாளிதான். கடன் தீரும்வரை மீன் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே. விலை குறைந்தால் கூடக் கிலோ பிடிக்கவேண்டும். அங்கேதான் சின்னக்கண் வருகிறது. வலைக்கண்ணை இழுத்து அளந்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்ற விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

முதலாளியைத் திட்டிப் பயனில்லை. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காசு தருபவர் அவர், மீனவர் சங்கம் அல்ல. சங்கம் முதலில் ஓர் அவசரக் கைமாற்று நிதி வைக்கட்டும். வலைக்கடனைக் காசாகக் கொடாமல், அளவான கண்ணுள்ள வலையாகவே கொடுக்கட்டும்.

திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. குளத்தின் அடியில் குழி தோண்டித் தானே பெருகும். குஞ்சாக விடும் கெண்டை இனங்களான கட்லாவும் ரோகும் அப்படியல்ல. அவற்றுக்கு ஆற்று வெள்ளம் வேண்டும், குளத்தில் இனம் பெருக்கா. சின்னதிலேயே வாரிவிட்டால் அந்த வருடக் குஞ்சுக்காசு அவ்வளவும் போச்சு.

ஒரே இறங்குதுறை, ஒரே தராசு என்று வைத்தால் வலையும் மீனும் எல்லார் கண்ணிலும் படும். நிறுக்கும்போதே கிலோவுக்கு ஒரு தொகையைக் குஞ்சு நிதிக்குக் கழித்துவிடலாம். இது குழம்புவது பெரும்பாலும் தலைவரின் மச்சானால். அவருடைய வலையை ஒருநாள் பார்க்காமல் விட்டால், மறுகிழமை ஒருவரையும் கேட்கமுடியாது. நல்லது கெட்டதுக்குப் போய்வரும் வீட்டுக்கு யார் தண்டம் சொல்வது? அதனால் வலை பார்ப்பவர்கள் இருவராக, வேறு வேறு ஒழுங்கையைச் சேர்ந்தவர்களாக, மாதம் மாறி வரட்டும். தண்டத் தொகையை யாரும் பிடிபடுவதற்கு முன்பே கொப்பியில் எழுதிவையுங்கள்.

கமக்காரரையும் மறக்கவேண்டாம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்றும்போது மீன் ஒரே இடத்தில் நெருங்கும். சங்கத்தில் இல்லாதவர்களும் அப்போது வலையோடு இறங்குவார்கள். மாரியில் குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வான் வழியே பாய்ந்தால் குஞ்சும் சேர்ந்து போகும். ஆகவே பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மீனவர் ஒருவர் இருக்கவேண்டும். வான் ஓய்ந்த பிறகு குஞ்சு விடுவது, எந்த மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் வலை நிறுத்துவது, இரண்டையும் அங்கேயே பேசி முடிக்கலாம்.